'வூட்லயே பூட்டி வெச்சிக்கிறேன் சார்!'

பத்திரிகை வேலைக்கு வந்த புதிது. வேறு ஏதோ ஒரு செய்திக்காகப் புழல் சிறை வாசலுக்குப் போயிருந்தேன். மனு போட்டுப் பார்க்க வந்தவர்களின் வரிசை வெயிலில் நின்றது. எனக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். கையில் மஞ்சப் பை. அதில் ரஸ்க் பாக்கெட்டும் நாலு வாழைப்பழமும். சும்மா பேச்சுக் கொடுத்தேன். கட்டடம் கட்டுகிற இடத்தில் கம்பி திருடியதாகக் கேஸ். புருஷனுக்கு ஆறு மாசம் போட்டுவிட்டார்கள். உள்ளே போய் ஒரு மாசம்தான் ஆகியிருந்தது.

'ஏன் சார், ஜட்ஜு ஐயாகிட்ட சொல்லி எங்க வூட்லயே அவரைப் பூட்டி வெக்க முடியாதா? ஒரே ரூமுதான். நானே பூட்டி வெச்சிக்கிறேன் சார். சாவியை தெனிக்கும் டேசன்ல குட்த்துடறேன். வூட்ல இருந்தா உக்காந்த எடத்துல பூவாவது கட்டித் தருவாரு. வாடகைக்கு ஆவும்.'

நான் சிரித்துவிட்டேன். அந்த வயசில் சட்டம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. 'அதெல்லாம் முடியாதும்மா' என்றேன்.

பல வருஷம் கழித்து அதே கோரிக்கையைக் கோர்ட்டில் வைத்தவர் ஒரு நாட்டின் முன்னாள் பிரதமர். யாரும் சிரிக்கவில்லை. மூத்த வக்கீல்கள், துணைப் பிரதமரின் பிரமாண வாக்குமூலம், அரண்மனைக் கடிதம் என்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் மூன்று கோர்ட்டுகள் அதை விசாரித்தன. மலேசியாவின் நஜீப் ரசாக் கதையைத்தான் சொல்கிறேன்.

உங்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். சொந்தக்காரர்கள் கிள்ளானிலோ ஈப்போவிலோ இருந்தால் நன்றாகவே தெரியும். 2009 முதல் 2018 வரை பிரதமர். அப்பா அப்துல் ரசாக்கும் பிரதமராக இருந்தவர். அரசாங்கமே '1எம்.டி.பி.' என்று ஒரு முதலீட்டு நிறுவனம் ஆரம்பித்தது. அதன் துணை நிறுவனமாக இருந்தது எஸ்.ஆர்.சி. இன்டர்நேஷனல். அந்த எஸ்.ஆர்.சி.க்கு அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 400 கோடி ரிங்கிட் கடன் போனது. எஸ்.ஆர்.சி. பணத்தில் 4.2 கோடி ரிங்கிட் சுற்றிச் சுற்றி வந்து நஜீப்பின் சொந்தக் கணக்கில் விழுந்தது.

நான் பி.காம். படித்தவன். டெபிட், கிரெடிட் என்று நோட்டில் கோடு போட்டுக் கற்றுக்கொண்டவன். பென்ஷன் பணம் பிரதமரின் சொந்தக் கணக்கில் வரவு என்று எழுதினால், எங்கள் கணக்கு வாத்தியார் பேனாவைப் பிடுங்கியிருப்பார். அதற்கு ஹைகோர்ட் 2020 ஜூலை 28-ம் தேதி கொடுத்த மதிப்பெண், 12 வருஷம் சிறை, 21 கோடி ரிங்கிட் அபராதம்.

தீர்ப்பு வந்த அன்றே அவர் உள்ளே போனார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஜாமீன். அடுத்த இரண்டு வருஷமும் அவர் வீட்டில்தான் இருந்தார். வீட்டில் மட்டுமா? மாநிலத் தேர்தல்களில் பிரசாரம் செய்தார். 'என்ன வெட்கம், பாஸ்?' என்ற அர்த்தத்தில் மலாய் மொழியில் ஒரு கோஷமே அவர் பெயரில் ஓடியது. டி-ஷர்ட்டில் போட்டு விற்றார்கள். அப்பீல் கோர்ட் 2021 டிசம்பரில் தண்டனையை உறுதி செய்தது. கடைசியாக ஃபெடரல் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக 'சரிதான்' என்று சொன்னது 2022 ஆகஸ்ட் 23. அன்று மாலைதான் காஜாங் சிறையின் கதவு அவருக்குத் திறந்தது.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், ஒரு கோர்ட்டை விட்டு இன்னொரு கோர்ட் என்று மூன்று படியும் ஏறி, எல்லாப் படியிலும் தோற்று, பிறகுதான் அவர் உள்ளே போனார். அவசரப்பட்டு யாரும் அவரைத் தள்ளவில்லை. போன பிறகு மறுசீராய்வு கேட்டு, அதுவும் 2023 மார்ச்சில் தள்ளுபடியானது.

அடுத்து வந்தது மன்னிப்பு. 2024 ஜனவரி 29-ம் தேதி மன்னிப்பு வாரியம் கூடியது. தலைமை வகித்தவர் அப்போதைய பேரரசர், பகாங் சுல்தான். மறுநாளோடு அவருடைய ஐந்து வருஷ ஆட்சிக்காலம் முடிகிறது. பன்னிரண்டு வருஷம் ஆறு வருஷமானது. 21 கோடி அபராதம் 5 கோடியானது. ஒன்றரை வருஷம்கூட முழுசாக உள்ளே இருக்காத ஒருவருக்குப் பாதித் தண்டனை போச்சு. அபராதத்திலோ முக்கால் பங்குக்கு மேல் தள்ளுபடி. ஆடித் தள்ளுபடியில்கூட நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர்கள் இவ்வளவு கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதுவும் போதவில்லை. 2024 ஏப்ரல் 1-ம் தேதி (தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்) நஜீப் கோர்ட்டுக்குப் போனார். 'மன்னிப்பு உத்தரவோடு இணைப்பாக இன்னொரு காகிதமும் இருக்கிறது. மிச்சத் தண்டனையை நான் கோலாலம்பூரில் என் வீட்டிலேயே கழிக்கலாம் என்று பேரரசர் அதில் எழுதியிருக்கிறார். அதை அரசாங்கம் எடுத்துக் காட்டி அமல்படுத்த வேண்டும்' என்றார்.

காகிதம் எங்கே? அதைத்தான் யாரும் சொல்லவில்லை. இருக்கிறதா, இல்லையா என்று அரசாங்கம் மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. இன்னொருவர் செல்போனில் அதன் நகலைப் பார்த்தேன் என்று துணைப் பிரதமர் வாக்குமூலம் கொடுத்தார். கேள்விப்பட்ட சாட்சியம் என்று 2024 ஜூலையில் ஹைகோர்ட் தள்ளியது. 2025 ஜனவரியில் பகாங் அரண்மனையிலிருந்தே 'ஆமாம், இருக்கிறது' என்று ஒரு கடிதம் வந்தது. அப்பீல் கோர்ட் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வழக்கை உயிர்ப்பித்தது. ஆகஸ்டில் ஃபெடரல் கோர்ட்டும் விசாரிக்கச் சொன்னது.

இந்த இடத்தில் மலேசிய அரசாங்கத்துக்கும் ஒரு குட்டு வைத்துவிட வேண்டும். ஒரு காகிதம் செல்லாது என்றால் 'இதோ காகிதம், இதனால் செல்லாது' என்று முதல் நாளே சொல்வதில் என்ன கஷ்டம்? அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு குற்றவாளி நியாயம் மறுக்கப்பட்டவராக வேஷம் கட்ட முடிந்திருக்காது. நஜீப்பின் கட்சியும் அதே கூட்டணி அரசாங்கத்தில் பங்காளி. வாய் ஏன் திறக்கவில்லை என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 2025 டிசம்பர் 22-ம் தேதி ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்த இணைப்பு உத்தரவு மன்னிப்பு வாரியத்தின் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கப்பட்டதல்ல. அரசியல் சட்டம் 42-வது பிரிவு சொல்கிற முறைப்படி வராததால் அது செல்லாது.

எனக்குக் காலேஜ் ஞாபகம் வந்துவிட்டது. கம்பெனிச் சட்டப் பாடத்தில் முதலில் சொல்லித் தருவதே மினிட்ஸ் புக்தான். போர்டு மீட்டிங் நடந்தால், பேசியது, முடிவு செய்தது எல்லாம் அதில் ஏற வேண்டும். மீட்டிங் முடிந்து எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போன பிறகு சேர்மன் தனியாக உட்கார்ந்து ஒரு காகிதத்தில் 'இன்னாருக்குக் கம்பெனி பங்களாவைக் கொடுத்துவிடுங்கள்' என்று எழுதினால் அது தீர்மானம் ஆகுமா? ஆகாது. சேர்மன் எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும் ஆகாது. பெட்டிக்கடை அளவு கம்பெனிக்கே பொருந்துகிற விதி ஒரு நாட்டின் மன்னிப்புக்குப் பொருந்தாதா?

'அரசர் கருணை காட்டினால் உனக்கென்னய்யா?' என்று கேட்பவர்கள் உண்டு. கருணை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கோர்ட்டும் தப்புப் பண்ணும் என்பதால்தான் கடைசியில் ஒரு கருணைக் கதவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதவு தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். கொல்லைப்புறத்தில் இருக்கக்கூடாது.

'எழுபது வயசு தாண்டியவர் சார், பாவம்' என்று ஒரு நண்பர் போனில் சொன்னார். வாஸ்தவம். 1953-ல் பிறந்தவர். எனக்கும் வயதானவர்களைச் சிறையில் வைத்திருப்பதில் சந்தோஷம் இல்லை. ஆனால் காஜாங்கில் அவர் ஒருத்தர்தான் வயசானவரா? எழுபது தாண்டிய கைதிகள் எல்லோரும் வீட்டுக்குப் போகட்டும் என்று அவர் மனுப் போட்டிருந்தால், இதே பக்கத்தில் அவருக்குக் கைதட்டி எழுதியிருப்பேன். அவர் கேட்டது ஒரே ஒரு வீடு. அவருடைய வீடு.

பாரபட்சமில்லாமல் ஒரு வரவும் எழுத வேண்டும். 2007 டிசம்பரில் மலேசியத் தமிழர்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்த ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து கமுந்திங் முகாமில் போட்டார்கள். விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது. அவர்களில் ஒருவரான மனோகரன் உள்ளே இருந்தபடியே 2008 தேர்தலில் ஜெயித்துச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அப்புறமும் கதவு திறக்கவில்லை. 2009 ஏப்ரலில் பிரதமரான கையோடு அந்த ஐவரில் இருவரை விடுவித்தவர் நஜீப். மற்ற மூன்று பேர் அடுத்த மாதம் வெளியே வந்தார்கள். அது அவர் கணக்கில் நல்ல வரவு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து பேருக்கு வீட்டுச் சிறை என்று யாராவது பேசினார்களா? ஒரு குற்றமும் நிரூபிக்கப்படாத அவர்களுக்கு முகாம். மூன்று கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டவருக்கு வீடு!

பழைய காலத்தில் வீட்டுச் சிறை என்பது யாரும் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை. கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர்களை அடக்க அரசாங்கம் வைத்திருந்த பூட்டு அது. ஷேக் அப்துல்லாவை 1965-ல் கொண்டுவந்து நம் கொடைக்கானலில் ஒரு பங்களாவில் வைத்தார்கள். பர்மாவில் ஆங் சான் சூச்சியை ஏரிக்கரை வீட்டிலேயே வருஷக்கணக்கில் அடைத்துப் போட்டார்கள். குற்றம் செய்யாதவருக்கு வீட்டைச் சிறையாக்கினார்கள். இப்போது குற்றம் நிரூபணமானவர் சிறையை வீடாக்கிக்கொள்ளப் பார்க்கிறார்.

சரி, அது மலேசியா. நம் கதைக்கு வருவோம். நாம் என்ன ஒழுங்கு?

பேராசிரியர் ஜி.என். சாய்பாபா. டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். சின்ன வயசில் போலியோ. சக்கர நாற்காலி. 90 சதவிகிதம் உடல் செயல்பாடு இல்லை. மாவோயிஸ்ட் தொடர்பு என்று 2017 மார்ச்சில் கட்சிரோலி கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. நாக்பூர் சிறையின் அண்டா செல்லில் இருந்தார். 2020-ல் அம்மா செத்துப்போனார். சாவதற்கு முன் பார்க்கவும் பரோல் இல்லை, செத்த பிறகு போகவும் பரோல் இல்லை.

2022 அக்டோபர் 14-ம் தேதி மும்பை ஹைகோர்ட்டின் நாக்பூர் பெஞ்ச் அவரை விடுவித்தது. மறுநாள் சனிக்கிழமை. சுப்ரீம் கோர்ட்டுக்கு விடுமுறை. ஆனாலும் விசேஷமாக உட்கார்ந்து அந்த விடுதலையை நிறுத்தி வைத்தார்கள். அப்போது அவருடைய வக்கீல் எழுந்து, 'ஐயா, நடக்க முடியாதவர். வீட்டுச் சிறையிலாவது வையுங்கள். என்ன நிபந்தனை வேண்டுமானாலும் போடுங்கள்' என்று கெஞ்சினார். நகர்ப்புற நக்ஸல்கள் இப்படிக் கேட்பது பழக்கமாகிவிட்டது என்கிற ரீதியில் அரசுத் தரப்பு எதிர்த்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. கழிப்பறைக்குப் போகவே இன்னொருவர் தூக்க வேண்டியிருந்த மனிதர் வீட்டிலிருந்து எங்கே ஓடிவிடப் போகிறார்?

மறுபடி விசாரணை. 2024 மார்ச் 5-ம் தேதி மறுபடியும் விடுதலை. அதாவது அவர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஏழு மாதம் வீட்டில் இருந்தார். அக்டோபர் 12-ம் தேதி ஹைதராபாத் ஆஸ்பத்திரியில் இறந்தார். 57 வயசு.

நஜீப்புக்கு மூன்று கோர்ட்டும் 'குற்றவாளி' என்றன, வீடு கேட்டார். சாய்பாபாவை ஹைகோர்ட் விடுதலை செய்த மறுநாளே வீடு கேட்டார்கள். இரண்டு பேருக்குமே வீடு கிடைக்கவில்லைதான். ஆனால் முதலாமவரின் மனு ஒன்றரை வருஷத்துக்கு மேல் மரியாதையாக விசாரிக்கப்பட்டது. இரண்டாமவரின் வேண்டுகோள் அந்த ஒரு சனிக்கிழமையோடு முடிந்தது.

வீட்டுச் சிறை கிடைத்தாலும் அதற்கு ஒரு பில் வரும் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இந்த மாதிரி பில் விஷயங்கள்தான் முதலில் கண்ணில் படும். எழுத்தாளர் கௌதம் நவ்லகா விசாரணைக் கைதி. எழுபது வயசு. 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அவருக்கு வீட்டுச் சிறை அனுமதித்தது. காவலுக்கு வருகிற போலீஸ் செலவுக்காக முன்பணமாக 2.4 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். இன்டர்நெட் கிடையாது. வாசலில் கேமரா. 2024-ல் என்.ஐ.ஏ. வந்து, காவல் செலவு 1.64 கோடி ரூபாய் பாக்கி என்று கோர்ட்டில் கணக்கு நீட்டியது. 1.64 கோடி! அந்த மே மாதம் ஜாமீன் கொடுத்தபோது 20 லட்சம் கட்டச் சொன்னார்கள்.

சிறையில் அரசாங்கச் செலவில் சோறு. வீட்டில் சொந்தச் செலவில் போலீஸ். அப்படியென்றால் இந்த வசதி யாருக்கு? வீடு இருப்பவனுக்கு, அதுவும் கேமரா மாட்டுகிற மாதிரி வீடு இருப்பவனுக்கு. ஒண்டுக் குடித்தனத்தில் பொதுக் கழிப்பறைக்கு க்யூவில் நிற்பவனை எந்த வாசலில் நிறுத்திக் காவல் காப்பார்கள்?

இத்தனைக்கும் நம் சுப்ரீம் கோர்ட்டே 2021-ல் நவ்லகாவின் முந்தைய வழக்கில் இதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருக்கிறது. வயது, உடல்நிலை, பழைய நடத்தை, குற்றத்தின் தன்மை எல்லாம் பார்த்து, விசாரணைக் கட்டத்தில் வீட்டுக் காவலில் வைக்கலாம். தண்டனை பெற்ற பிறகு வீட்டுச் சிறை தருவதைப் பற்றிப் பாராளுமன்றம் யோசிக்கட்டும். சிறைகளில் கூட்டம் வழிகிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு சொன்னது. பாராளுமன்றம் யோசித்ததாகத் தெரியவில்லை. பழைய குற்றவியல் சட்டங்களை மொத்தமாகத் தூக்கிவிட்டுப் புதுப் பெயரில் மூன்று சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் சமூக சேவை என்று ஒரு புதுத் தண்டனைகூட இருக்கிறது. வீட்டுச் சிறை இல்லை.

கூட்டம் எவ்வளவு? 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5.73 லட்சம் பேர். இடம் இருந்தது 4.36 லட்சம் பேருக்கு. உள்ளே இருந்தவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை சாமி! தண்டனை பெற்ற பிறகு வீட்டுக்குப் போவதைப் பற்றி நாம் விவாதம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். தண்டனையே வராமல் உள்ளே இருப்பவனின் வீட்டில் இதற்குள் அடுப்பு அணைந்திருக்கும்.

மலேசியப் பிரதமர் அன்வார் 2024 அக்டோபரில் பட்ஜெட் உரையில், சில குற்றங்களுக்கு வீட்டுக் காவலை மாற்றுத் தண்டனையாக்கச் சட்டம் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். பட்ஜெட்டில் வரி வரும், மானியம் வரும், வீட்டுச் சிறை வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நஜீப்புக்காகவா என்று எல்லோரும் கேட்டார்கள், இல்லை என்றார்கள். இருக்கட்டும். எதற்காக வந்தாலும் அப்படி ஒரு சட்டம் நல்லதுதான். அன்வாரும் சிறைக்குள் வருஷக்கணக்கில் இருந்தவர். உள்ளே யார் யார் கிடக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

என் சண்டை வீட்டுச் சிறையோடு இல்லை. வரிசையோடுதான். சின்னக் குற்றம், முதல் தடவை, கைக்குழந்தைக்காரி, டயாலிசிஸில் இருப்பவர், எழுந்து நிற்க முடியாத கிழவர்... இவர்களுக்கெல்லாம் சட்டம் போட்டு, காவல் செலவை அரசாங்கமே ஏற்று, வெளிப்படையாக வீட்டுக்கு அனுப்புங்கள். ஜாமீனுக்கு வழியில்லாத விசாரணைக் கைதியை முதலில் அனுப்புங்கள். அந்த வரிசையின் கடைசியில் முன்னாள் பிரதமர்களும் முன்னாள் அமைச்சர்களும் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கட்டும். அவர்கள் முறை வந்தால் நான் தடுக்க மாட்டேன்.

நஜீப்பின் கதையில் இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி. வீட்டுச் சிறை மனு தள்ளுபடியான நாலாம் நாள், 2025 டிசம்பர் 26, பெரிய வழக்கான 1எம்.டி.பி.யில் தீர்ப்பு. 25 குற்றச்சாட்டிலும் குற்றவாளி. சவுதி அரச குடும்பம் கொடுத்த நன்கொடைதான் அந்தப் பணம் என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. 15 வருஷம் சிறை. அபராதம் 1,140 கோடி ரிங்கிட், நம் கணக்கில் சுமார் 25 ஆயிரம் கோடி ரூபாய். இந்தத் தண்டனை 2028-ல் முதல் தண்டனை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். அப்பீல் போவோம் என்று வக்கீல்கள் சொன்னார்கள். போகட்டும், அது அவர் உரிமை.

2024-ல் அவர் ஒரு மன்னிப்பு அறிக்கையும் விட்டார். மகன் படித்தார். தன் காலத்தில் இப்படி ஒரு ஊழல் நடந்ததற்கு வருத்தம், ஆனால் சட்டப்படி தன்னைப் பொறுப்பாக்கக்கூடாது என்று. பணம் வந்ததற்கு வருத்தம், வரவு வைத்ததற்கு நான் பொறுப்பில்லை! எந்த ஆடிட்டரும் இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட மாட்டார்.

அன்று புழலில் அந்தப் பெண்ணின் முறை வந்தது. வாசலில் இருந்த காவலர் மஞ்சப் பையைத் துழாவி, ரஸ்க் பாக்கெட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். பழத்தை மட்டும் கொண்டுபோகச் சொன்னார். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்து, 'நீங்க பேப்பர்காரரு தானே சார், ஒரு வார்த்தை எழுதிப் பாருங்களேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று நான் எழுதவில்லை.